மஞ்சள் வரியில் தப்பு இல்லை

ரன்டைம் எர்ரர் 70, பெர்மிஷன் டினைட். எக்செலில் நானே எழுதிய ஒரு மேக்ரோவை (எக்செலுக்குள் நாம் எழுதிவைக்கிற கட்டளைகள்) ஓட்டியபோது முதல் தடவை இந்தப் பெட்டி வந்தது, அதில் எழுதியிருந்ததை நான் அப்படியே நம்பினேன். அனுமதி இல்லை என்கிறதே, அப்படியானால் ஃபைல் யாரிடமாவது திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ரீட் ஒன்லியாக இருக்க வேண்டும், ஷீட்டுக்கு பாஸ்வேர்டு போட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஃபைலை என் டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்தேன், பாஸ்வேர்டு எடுத்தேன், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன், ஆபீஸில் இருந்த மற்ற எல்லோரையும் எக்செலை மூடச் சொன்னேன். அப்புறமும் அதே பெட்டி, அதே 70. ஒரு லிஸ்டில் ஒரு பெயரைச் சேர்க்க யாருடைய அனுமதி வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை, அன்றைக்கு எட்டரை மணி பஸ்ஸைத்தான் பிடித்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் இதே எர்ரரைப் படமெடுத்து ஒரு தோழி அனுப்பியிருந்தாள், அவளும் ஃபைல் பர்மிஷனைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுபோய் இப்படி ஆகிவிட்டது.

நான் வேலை பார்த்தது கரூரில், பெட்ஷீட், மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு எல்லாம் ஏற்றுமதி செய்கிற ஓர் இடம். என் வேலை கணக்கு. நூல் குடோனில் இருந்து தறிக்காரர்களுக்கு நூல் போகும், துணியாகத் திரும்பி வரும். யாருக்கு எந்தக் கவுண்ட் (நூலின் தடிமனைச் சொல்கிற நம்பர்), எத்தனை மூட்டை, செலான் நம்பர் என்ன என்பதை குடோனில் இருந்த அண்ணா ஒரு எக்செல் ஷீட்டில் அடிப்பார், மாதக் கடைசியில் நான் கூட்டுவேன். அவர் வேகமாக அடிக்கக்கூடியவர்தான், ஆனால் ஒரே தறிக்காரரின் பெயர் ஒரு நாள் இனிஷியலோடு வரும், ஒரு நாள் இல்லாமல் வரும், ஒரு நாள் ஊர்ப்பெயரோடு வரும், பாதி தமிழில் பாதி இங்கிலீஷில். கூட்டும்போது ஒரே ஆளுக்கு ஐந்து கணக்கு நிற்கும். அதைச் சரி பண்ணவே மாதத்தில் இரண்டு நாள் போய்விடும். அதனால்தான் ஃபார்ம் போட நினைத்தேன், அதாவது எக்செலுக்கு மேலே ஒரு ஜன்னலாகத் திறந்து விவரத்தை வாங்கி ஷீட்டில் எழுதுகிற ஒன்று: பார்ட்டி, அதாவது தறிக்காரர், பெயரையும் கவுண்டையும் அடிக்கவே வேண்டாம், லிஸ்டில் இருந்து தொட்டால் போதும். யாரும் சொல்லி ஆரம்பித்ததில்லை. புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மேக்ரோ புத்தகமும், எக்செல் 2013-ம், மத்தியானச் சாப்பாட்டு நேரமும்தான் இருந்தது.

எர்ரர் 70-ன் கதை இதுதான். ஃபார்மில் பெயர்களை வரிசையாகக் காட்டுகிற கட்டம்தான் லிஸ்ட்பாக்ஸ், அதற்குள் விஷயம் போக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ரோசோர்ஸ்: ஃபார்மை வரையும்போதே பிராப்பர்ட்டி ஜன்னலில் இந்த ஷீட்டில் இந்த இடத்தில் இருந்து எடுத்துக்கொள் என்று முகவரி கொடுத்துவிடுவது. இன்னொன்று ஆட்ஐட்டம்: மேக்ரோவே ஒவ்வொரு பெயராகக் கொண்டுபோய் உள்ளே போடுவது. ரோசோர்ஸ் கொடுத்துவிட்டால் அந்த லிஸ்ட் ஷீட்டோடு கட்டப்பட்டுவிடுகிறது, அதற்கென்று சொந்தமாக எதுவும் இல்லை, ஷீட்டில் இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் ஆட்ஐட்டம் போய் ஒரு பெயரைப் போட முயன்றால், இது உன் இடம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. பெர்மிஷன் டினைட் என்பது இந்த மறுப்புத்தான், ஃபைலுக்கும் நெட்வொர்க்குக்கும் அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் முதலில் விளையாட்டாக ரோசோர்ஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு புத்தகத்தில் ஆட்ஐட்டம் படித்து அதை எழுதியிருந்தேன், பிராப்பர்ட்டி ஜன்னலில் பழைய முகவரி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை அழித்தேன். லிஸ்ட் நிரம்பியது.

இதே காரணத்தால், லிஸ்டைக் காலி செய்கிற கிளியரை எழுதினாலும் தடுக்கும், ஆனால் அப்போது வேறு முகத்தோடு வரும்: மைனஸ் 2147467259 என்று ஒரு நீள நம்பரும் அன்ஸ்பெசிஃபைட் எர்ரர் என்ற ஒன்றும் சொல்லாத சொல்லும். நோய் ஒன்று, காய்ச்சல் இரண்டு விதம். அதனால் இப்போதெல்லாம் லிஸ்டை நிரப்புகிற இடத்தில் முதல் வேலையாக ரோசோர்ஸை வெறும் மேற்கோள் குறியாக்கிவிட்டு, அடுத்த வரியில் கிளியர் செய்து, அப்புறம்தான் ஆட்ஐட்டம் எழுதுகிறேன். பிராப்பர்ட்டி ஜன்னலில் யார் எதை விட்டுவைத்திருந்தாலும் அது என்னைத் தொடாது. என்னைக் கேட்டால் ரோசோர்ஸ் பக்கமே போக வேண்டாம் என்பேன். ஷீட் பெயர் சேர்க்காமல் முகவரி கொடுத்தால் அந்த நேரத்தில் எந்த ஷீட் திறந்திருக்கிறதோ அதில் இருந்து எடுத்துக்கொள்ளும், இது ஒன்றே போதும் அதை விட்டு விலக. ஒரே ஒரு ஆசைக்காகத்தான் பலரும் திரும்ப அங்கே போகிறார்கள், தலைப்பு வரிசை. லிஸ்ட்பாக்ஸின் காலம்ஹெட்ஸ் ரோசோர்ஸ் இருந்தால்தான் தலைப்பைக் காட்டும், ஆட்ஐட்டத்தில் நிரப்பினால் மேலே வெறும் பட்டையாக நிற்கும். லிஸ்டுக்கு மேலே இரண்டு லேபிள் வைத்துத் தலைப்பை எழுதிவிடுங்கள், வேலை முடிந்தது.

அந்த சாயங்காலம் எனக்கு வீணானதற்கு இன்னொரு காரணமும் உண்டு, உண்மையில் அதுதான் பெரிய காரணம். எர்ரர் பெட்டியில் இருக்கிற டீபக் பட்டனை அமுக்கினால் தப்பான வரி மஞ்சளாகும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அமுக்கினேன். மஞ்சளானது ஃபார்மைத் திறக்கிற வரி, அந்த ஷோ என்று முடிகிற வரி. அதில் ஃபார்மின் பெயரும் ஒரு புள்ளியும் ஷோ என்ற சொல்லும் தவிர வேறொன்றும் கிடையாது. அதில் என்ன தப்பு இருக்க முடியும்? திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஃபார்மின் பெயரை மாற்றி மாற்றி எழுதினேன். ஃபார்முக்குள் எழுதுகிற மேக்ரோவை எக்செல் ஒரு கிளாஸ் மாட்யூல் போல, அதாவது மூடிவைத்த ஒரு தனிப் பகுதி போல, நடத்துகிறது என்றும், சாதாரண செட்டிங்கில் உள்ளே எங்கே தடுக்கினாலும் வெளியே அதைக் கூப்பிட்ட வரியில்தான் மஞ்சள் அடிக்கும் என்றும் தெரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. மேக்ரோ எடிட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல் என்று போனால் எர்ரர் டிராப்பிங் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் பிரேக் இன் கிளாஸ் மாட்யூல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு மஞ்சள் வரி உண்மையான இடத்திலேயே நிற்கும். ஃபார்ம் எழுதுகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான், ஆட்ஐட்டம் கூட அப்புறம்தான். தோழிக்கும் இதைத்தான் முதல் வரியாக எழுதினேன், அவளுக்கும் ஷோ வரிதான் மஞ்சளாக இருந்ததாம்.

எர்ரர் வந்தால் ஏதோ ஒரு நம்பராவது கையில் இருக்கிறது. எர்ரரே வராமல் லிஸ்ட் காலியாக நிற்பதுதான் கொடுமை. ஃபார்முக்கு நல்ல பெயர் வைக்க வேண்டும் என்று நூல்ஃபார்ம் என்கிற மாதிரி ஒரு பெயரை இங்கிலீஷில் வைத்துவிட்டு, உள்ளே நிரப்புகிற பகுதிக்கும் அதே பெயரில் அண்டர்ஸ்கோர் இனிஷியலைஸ் என்று எழுதினேன். ஃபார்ம் திறந்தது, லிஸ்ட் காலி, ஒரு சத்தமும் இல்லை. ஃபார்முக்கு நாம் என்ன பெயர் வைத்தாலும் அந்தப் பகுதியின் பெயர் எப்போதும் யூசர்ஃபார்ம் அண்டர்ஸ்கோர் இனிஷியலைஸ்தான், நாம் வைத்த பெயரில் எழுதினால் அது யாரும் கூப்பிடாத ஒரு சாதாரண மேக்ரோப் பகுதி ஆகிவிடுகிறது. பட்டனுக்கும் லிஸ்ட்பாக்ஸுக்கும் மட்டும் நாம் வைத்த பெயரே முன்னால் வருவதால்தான் இந்தக் குழப்பம். எடிட்டரின் மேலே இடது பக்கம் இருக்கிற பட்டியலில் யூசர்ஃபார்மைத் தேர்ந்து, வலது பக்கத்தில் இனிஷியலைஸைத் தேர்ந்தால் அதுவே சரியான வரியை எழுதிக்கொடுக்கும், கையால் அடிக்கவே வேண்டாம். ஒருவேளை அங்கே ஆக்டிவேட்டைத் தேர்ந்துவிட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும். ஃபார்மை ஹைட் செய்து திரும்ப ஷோ செய்யும்போதெல்லாம் அது ஓடும், லிஸ்டில் எல்லாப் பெயரும் இரண்டு தடவை, மூன்று தடவை என்று வளர்ந்துகொண்டே போகும்.

பெயர் தப்பால் வரும் இன்னொன்று 424, ஆப்ஜெக்ட் ரிக்கொயர்டு. லிஸ்ட்பாக்ஸின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வரும். மாட்யூலின் முதல் வரியில் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் எழுதிவிட்டால் ஓடுவதற்கு முன்பே சொல்லிவிடும். ஷீட் பெயர் ஒத்துப்போகாவிட்டால் 9 வரும். எங்கள் ஷீட் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருந்தது, கண்ணுக்குத் தெரியாது. பதிவேடு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வரிசையைத் தாண்டியபோது 6 வந்தது, ஓவர்ஃப்ளோ. வரிசை எண்ணை இன்டிஜர் என்று எழுதியிருந்தேன், அது 32,767-க்கு மேல் தாங்காது, லாங் என்று மாற்றினேன். இவையெல்லாம் ஒரு தடவை பட்டால் மறக்காது.

அப்புறம் தமிழ். முதலில் ஏற்றுக்கூலி வகை, வண்டி வகை என்று நான்கைந்து சொல் மட்டும் உள்ள ஒரு சின்ன லிஸ்ட் வேண்டியிருந்தது, நேராக மேக்ரோவிலேயே தமிழில் அடித்தேன். எடிட்டரில் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் விழுந்தன. அந்த எடிட்டர், எல்லா மொழி எழுத்துக்கும் ஒரு நம்பர் கொடுக்கிற யூனிகோடு தெரியாத காலத்தில் செய்தது, விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுப்புகளில் தமிழுக்கு இடமே கொடுக்கப்படவில்லை, அதனால் சாதாரண செட்டிங்கில் அங்கே தமிழ் நிற்காது. ஆனால் லிஸ்ட்பாக்ஸுக்குத் தமிழ் தெரியும்! ஷீட்டில் தமிழில் அடித்துவைத்துவிட்டு, செல்லில் இருந்து எடுத்து ஆட்ஐட்டம் செய்தால் அழகாக வந்து நிற்கும். மேக்ரோவின் எழுத்துக்குள் தமிழ் வரக் கூடாது, மேக்ரோவின் வழியாகத் தாராளமாகப் போகலாம். மெசேஜ்பாக்ஸில் மட்டும் மறுபடியும் கேள்விக்குறிதான், அதற்கு ஒரு லேபிளைப் பயன்படுத்தினேன். தமிழ் வராது என்று நினைத்து எத்தனையோ பேர் பார்ட்டி பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கஷ்டப்படுகிறார்கள், அவர்களுக்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

தமிழில் ஒரே பெயர் லிஸ்டில் இரண்டு முறை வருவதும் உண்டு, இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கும். கொ என்ற எழுத்தை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு தனியாக, கால் தனியாக என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. வெவ்வேறு கீபோர்டில் அடித்த பெயர்களை ஒரே பதிவேட்டில் ஒட்டினால் இது வரலாம். யூனிகோடு நம்பரில் எகரக் கொம்பு 3014, கால் 3006, ஒகரக் குறி 3018; 3014-ம் 3006-ம் சேர்ந்து வருகிற இடத்தை 3018 ஆக மாற்று, 3015-ம் 3006-ம் சேர்ந்தால் 3019 என்று இரண்டு ரீப்ளேஸ் வரி போட்டேன். எடிட்டரில் தமிழ் நிற்காதே, அதனால்தான் சிஎச்ஆர்டபிள்யூ என்ற ஃபங்ஷனில் நம்பராக எழுத வேண்டியிருந்தது. கூடவே, பெயரின் முன்னும் பின்னும் இருக்கிற ஸ்பேஸை எடுக்கிற ட்ரிம்மும். வேறு இடத்தில் இருந்து ஒட்டிய பெயர்களில் 160 என்ற நம்பருள்ள ஒரு ஸ்பேஸ் ஒளிந்திருக்கும், ட்ரிம் அதைத் தொடாது, அதையும் தனியாக மாற்ற வேண்டும்.

இனி கவுண்ட். நான் சொல்ல நினைத்ததில் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது.

நூல் தெரியாதவர்களுக்காக: கவுண்ட் நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை வருகின்றன என்பதுதான் அந்த நம்பர். 20 என்றால் ஒற்றை இழை. 2/20 என்றால் 20-ம் நம்பர் நூலில் இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கியது, தடிமனில் கிட்டத்தட்ட 10-ம் நம்பர் மாதிரி. எங்கள் குடோனில் 2/10, 2/17, 2/20, பிறகு ஒற்றையில் 20, 40 எல்லாம் புழங்கும்.

கவுண்ட் லிஸ்டைப் பழைய பதிவேட்டில் இருந்தே எடுப்போம் என்று முதலில் எழுதினேன். ஃபார்மைத் திறந்து அண்ணாவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லிஸ்டை மேலிருந்து கீழே பார்த்தார்.

"அம்மிணி, இதுல எதுக்கு காந்தி ஜெயந்தி வருது?"

பார்த்தால் 02-10-2017, 02-10-2018, 02-10-2019. 2/10 என்று அடித்தால் எக்செல் அதை அக்டோபர் 2 என்று எடுத்துக்கொள்கிறது, வருடம் சொல்லாததால் அடித்த வருடத்தைத் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. செல்லில் 02-அக் என்று மட்டும் தெரிந்ததால், பழகிப்போன கண்ணுக்கு அவர் அதை 2/10 என்றே படித்திருக்கிறார். லிஸ்டுக்குப் போகும்போதுதான் முழுத் தேதியும் வெளியே வந்தது. ஒரு கவுண்ட் மூன்று வருடத்தில் மூன்று தேதியாகிவிட்டிருந்தது. இதற்கு ஆட்ஐட்டம் வரியில் செய்ய ஒன்றும் இல்லை, செல்லுக்குள் இருப்பதே தேதிதான், பழைய 2/10 அங்கே இல்லவே இல்லை. அந்த நெடுவரிசை முழுவதையும் டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றிவிட்டு, அக்டோபர் 2 ஆக இருந்தவற்றை எல்லாம் தேடி 2/10 என்று மறுபடி அடித்தேன். ஃபார்மேட்டை மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே உள்ளே போய்விட்டதை அது மாற்றாது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அதுதான் என்னைக் கீழே தள்ளப்போகிறது.

பதிவேட்டில் ஒரே கவுண்ட் ஆயிரம் தடவை இருக்கும், லிஸ்டில் ஒரு தடவைதான் வர வேண்டும். அதற்குப் புத்தகத்தில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள், இன்றைக்கும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கலெக்‌ஷன் என்ற ஒரு பையில், கவுண்டையே சாவியாக வைத்து ஒவ்வொன்றாகப் போடுவது. ஒரே சாவியை இரண்டாம் முறை போட்டால் 457 என்ற எர்ரர் வரும். அந்த எர்ரர் வரட்டும், கண்டுகொள்ளாதே என்று சொல்ல, மேலே ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். பைக்குள் மிஞ்சுவது தனித்தனிக் கவுண்டுகள். எழுதி ஓட்டினேன், லிஸ்ட் சுருங்கிச் சுத்தமாக வந்தது. கவுண்டுக்கு வைத்திருந்த, தொட்டால் கீழே விரிகிற லிஸ்டான காம்போபாக்ஸில் கையால் எதுவும் அடிக்க முடியாதபடி, லிஸ்டில் இருப்பதை மட்டும்தான் எடுக்க முடியும்படி பூட்டினேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாதக் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோது கணக்கில் 2/20 மைனஸில் நின்றது. 20 ஒரு மூட்டை கூட அசையவில்லை. குடோனுக்குப் போய்ப் பார்த்தால் 20 மூட்டைகள் பாதி இல்லை, 2/20 எல்லாம் அடுக்கியபடி அப்படியே இருக்கிறது. அண்ணாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"லிஸ்ட்ல 20 இல்லீங் அம்மிணி. நீங்க போட்ட ஃபார்ம், தப்பா இருக்காதுன்னு நெனச்சனுங். இனிமே 20-ஐயும் 2/20-லயே சேர்த்துப் போடச் சொல்றாங்களாக்கும்னு போட்டுட்டேன்."

தறிக்காரர்களுக்கு அவர் சரியான நூலைத்தான் கொடுத்திருந்தார், கை தப்பவில்லை. இருபது வருட அனுபவத்தில் அவருக்குத் தெரிந்த விஷயத்தை விட்டுக்கொடுத்து, என் லிஸ்டை நம்பி எழுதியிருந்தார். அது என்னை ரொம்ப வருத்தியது. ஒரு லிஸ்டைப் பூட்டும்போது, அதில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று எதிரில் இருப்பவருக்குச் சொல்கிறோம்.

என்ன நடந்தது என்றால், கலெக்‌ஷனின் சாவி எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். நம்பரைச் சாவியாகக் கொடுத்தால் 13, டைப் மிஸ்மேட்ச். பழைய பதிவேட்டில் 20-ம் 40-ம் நம்பராக அடிக்கப்பட்டவை, நெடுவரிசையை டெக்ஸ்டாக்கியும் உள்ளே நம்பராகவே இருந்தன. 2/17, 2/20 எல்லாம் அவர் எப்போதும் பின்னால் எஸ் என்ற இங்கிலீஷ் எழுத்தைச் சேர்த்து 2/20s என்று அடிப்பார், அதனால் அவை எழுத்து. 20 வந்தபோதெல்லாம் எர்ரர் 13 வந்திருக்கிறது, வந்தது எதுவானாலும் கண்டுகொள்ளாதே என்று நான்தான் சொல்லியிருந்தேனே, மேக்ரோ பேசாமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. நான் மூடச் சொன்னது 457-ன் வாயை, அது எல்லா வாயையும் மூடிவிட்டது. சாவியை சிஎஸ்டிஆர் என்ற ஃபங்ஷனுக்குள் வைத்து எழுத்தாக்கினேன், ஒரே சொல் மாற்றம், 20-ம் 40-ம் லிஸ்டில் வந்துவிட்டன. ஒன்பது நாள் செலான்களை எடுத்து வைத்துக்கொண்டு அண்ணாவும் நானும் உட்கார்ந்து பதிவுகளைத் திருத்தினோம், அவர் வாசிக்க நான் மாற்றினேன்.

அதற்குப் பிறகு அந்தக் கலெக்‌ஷன் வித்தையை நான் எங்கேயும் எழுதியதில்லை. டிக்‌ஷனரி என்ற இன்னொரு வகைப் பையில் இந்தச் சாவி இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுப் போடலாம், எர்ரரை மூடவே தேவையில்லை. எங்காவது ரெஸ்யூம் நெக்ஸ்ட் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு வரிக்கு அடுத்த வரியிலேயே ஆன் எர்ரர் கோடூ 0 போட்டு வாயைத் திறந்துவிடுங்கள். லிஸ்ட் நிரப்புகிற ஒரு பகுதி முழுவதையும் அதன் கீழே வைத்திருக்கும் மேக்ரோக்களை நான் இப்போதும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் அதில் எந்த 20 காணாமல் போயிருக்கிறதோ என்றுதான் தோன்றும்.

சரி, மிச்சத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பார்ட்டி பெயருக்குப் பக்கத்தில் ஊரும் தெரிய வேண்டும் என்றால் ஆட்ஐட்டம் முதல் நெடுவரிசையை மட்டும்தான் நிரப்பும், அடுத்ததை லிஸ்ட் என்ற பிராப்பர்ட்டியில் வரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் கொடுத்து எழுத வேண்டும். வரிசை பூஜ்யத்தில் இருந்து எண்ணப்படுகிறது, லிஸ்டில் மொத்தம் எத்தனை என்று சொல்கிற லிஸ்ட்கவுண்ட் ஒன்றில் இருந்து. அதனால் கடைசியாகச் சேர்த்த வரிசை எப்போதும் லிஸ்ட்கவுண்ட்டில் ஒன்று குறைவு. அந்த ஒன்றைக் கழிக்க மறந்தால் 381. எதையும் தேர்ந்தெடுக்காமல் சேவ் பட்டனை அமுக்கினாலும் 381 வரலாம், அப்போது லிஸ்ட்இண்டெக்ஸ், அதாவது தேர்ந்தெடுத்த வரிசையின் எண், மைனஸ் 1 ஆக இருக்கும், அதை முதலில் பார்த்துவிட வேண்டும். நெடுவரிசைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் விட்டுவிட்டு லிஸ்டில் ஊர் தெரியவில்லை என்று தேடாதீர்கள், அந்த எண்ணிக்கையான காலம்கவுண்ட் இயல்பாக 1-தான்.

ஆட்ஐட்டத்தில் பத்து நெடுவரிசைக்கு மேல் போகாது, பதினொன்றாவதைத் தொட்டால் 380. அதற்கு மேல் வேண்டுமானால் ஷீட்டில் இருந்து மொத்தத்தையும் ஓர் அரேயாக (மதிப்புகளின் ஒரே அடுக்காக) எடுத்து லிஸ்ட் பிராப்பர்ட்டிக்கு ஒரே வரியில் கொடுத்துவிடலாம், வேகமும் அதிகம், நாலாயிரம் வரிசை ஒரு கண்சிமிட்டலில் ஏறும். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. புது நிதியாண்டுக்குப் புது ஃபைல் போட்டு ஏப்ரலில் முதல் பார்ட்டியை மட்டும் எழுதியிருந்தோம், ஃபார்ம் திறக்கவில்லை, 381. ஒரே ஒரு செல்லை எடுத்தால் எக்செல் அதை அரேயாகத் தராது, வெறும் மதிப்பாகத் தரும். ஐநூறு பெயரோடு நன்றாக ஓடியது ஒரு பெயரோடு விழுந்தது. ஒன்றே ஒன்று இருந்தால் ஆட்ஐட்டம், அதற்கு மேல் இருந்தால் அரே என்று ஒரு இஃப் போட்டேன். டேபிளாக மாற்றி வைத்திருந்தால், டேபிள் முழுக்கக் காலியாக இருக்கும் நாளில் 91 வரும், அதையும் அதே இஃப்பில் சேர்த்துவிட்டேன். லிஸ்ட் காலியாக இருக்கும்போது, ஒன்று இருக்கும்போது, ஒரு செல்லில் #N/A என்ற எர்ரர் இருக்கும்போது, இந்த மூன்றையும் ஓட்டிப் பார்க்காமல் இப்போது யாருக்கும் ஃபார்மைக் கொடுப்பதில்லை.

2022-க்குப் பிறகு இன்னொரு தொந்தரவு. மெயிலில் வந்த மேக்ரோ ஃபைலைத் திறந்தால் சிவப்புப் பட்டை வந்து மேக்ரோவே ஓடாது, லிஸ்ட் வரவில்லை என்றுதான் போன் வரும். ஃபைலின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கீழே அன்பிளாக். அனுப்பியவர் யார் என்று தெரிந்தால் மட்டும்.

அண்ணா இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டார், ஆடு மாடு பார்த்துக்கொள்கிறார். நானும் இப்போது வேறு இடம். குடோனில் அவர் இருந்த நாற்காலியில் ஒரு தம்பி இருக்கிறான், அந்த ஃபார்ம் இன்னும் ஓடுகிறது. எர்ரர் பெட்டி வந்தவுடன் பயத்தில் எண்ட் பட்டனை அமுக்கி அதை மறைத்துவிட்டு, அக்கா ஏதோ வந்துச்சு போயிருச்சு என்பான் முதலில். அமுக்காதே, படம் எடுத்து அனுப்பு, லிஸ்டில் எது இல்லையோ அதையும் பேப்பரில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படம் எடு என்று சொல்லியிருந்தேன். நேற்று ஒன்று வந்திருந்தது. 13-ம் நம்பர் பெட்டி, பக்கத்தில் செலான் புத்தகத்தின் பின் அட்டையில் பால்பாயிண்ட்டில் பெரிதாக எழுதியிருந்தான்: 2/6 காணோம்.

எந்த வருடத்தில் அடித்தது என்று கேட்டிருக்கிறேன். ஜூன் 2 ஆக எங்கோ உட்கார்ந்திருக்கும்.